கொல்லைப்புறக் கூண்டும் கோல சிலாங்கூர் வெயிலும்

பல்லி, ஓணான், அரணை, உடும்பு ஆகியவற்றை உள்ளடக்கிய பல்லியினங்கள், பறவைகளையும் பாலூட்டிகளையும் போலத் தம் உடலுக்குள்ளேயே போதிய வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ள இயலாதவை. அவற்றின் செரிமானமும் நடமாட்டமும் நோயை எதிர்க்கும் வலிமையும் முட்டையின் வளர்ச்சியும் சுற்றுப்புறத்திலிருந்து பெறும் சூட்டையே நம்பியிருக்கின்றன. வெயிலில் கிடந்து சூடேறுவதும், சூடு மிகும்போது நிழலுக்கு நகர்வதும் அவற்றுக்கு நாள் முழுவதும் நீளும் வேலை. இந்த உயிர்களை வீட்டுக்கூடத்தில் வைத்து வளர்ப்பவர்கள், கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு வெப்ப விளக்கையும் புற ஊதாக் கதிர் வீசும் ஒரு குழல் விளக்கையும் பொருத்தி, வானத்தில் நடப்பதைச் சில அடி நீளத்துக்குள் நடத்திக் காட்ட முயல்கிறார்கள். குளிர்நாடுகளில் இதைத் தவிர வேறு வழியில்லை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகை சொச்சத்தில், ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம் நீடிக்கும் கோல சிலாங்கூரிலோ, அவ்விளக்குகள் செய்யும் வேலையைக் கொல்லைப்புறத்து வெயில் கட்டணமின்றிச் செய்கிறது. ஆகவே வளர்ப்புப் பல்லியினங்களை உட்கூண்டிலிருந்து வெளிக்கூண்டுக்கு மாற்றும் எண்ணம் இங்கு எளிதில் தோன்றும். அதை உயிருக்குச் சேதமின்றி நிறைவேற்றுவதற்கு இந்த மண்ணின் வெயில், மழை, எறும்பு, குரங்கு, தோட்டத்து மருந்து ஆகிய அனைத்தையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை, வடக்கே தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் என்று நீளும் இந்த வட்டாரம், ஒருபுறம் கடலோர அலையாத்திக் காடும் நடுவில் நெல்வயலும் மறுபுறம் செம்பனைத் தோட்டமுமாக அமைந்தது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ஆம் ஆண்டில் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான் நடப்பட்டது. தமிழ்ச் சொல்லையே பெயராகக் கொண்ட அத்தோட்டத்தைச் சுற்றிலும், ரப்பர் காலத்திலிருந்தே, லயத்து வீடுகளில் வாழ்ந்த தமிழர்கள் ஆடு, மாடு, கோழி வளர்ப்பதைத் தம் வாழ்வின் ஒரு பகுதியாக வைத்திருந்தார்கள். தரையிலிருந்து உயர்த்திப் பலகை இடைவெளிவிட்டுக் கட்டிய ஆட்டுக்கொட்டகையும், கீரிக்கும் பாம்புக்கும் அஞ்சிக் கம்பிவலை அடித்த கோழிக்கூண்டும் இப்பகுதி மக்களின் கைப்பழக்கத்தில் இன்றும் உள்ளவை. பல்லியினங்களைச் செல்லப்பிராணியாக வளர்ப்பது அடுத்த தலைமுறையின் விருப்பம். பல்லி விழும் பலனும் கௌளி சொல்லும் சகுனமும் அறிந்த வீடுகளில், காஞ்சிபுரத்துப் பொன்பல்லியைத் தொட்டு வணங்கி வந்த பாட்டிமார் இருக்கும் அதே கூரையின்கீழ், இப்போது தென் அமெரிக்கப் பச்சை இகுவானாவும் ஆஸ்திரேலியத் தாடி ஓணானும் குடியேறியிருக்கின்றன. கொட்டகை கட்டத் தெரிந்த கைக்கும் புதிய பிராணியின் உடலியல்புக்கும் இடையே ஒரு பாலம் தேவைப்படுகிறது.

வெளிக்கூண்டின் முதன்மையான பயன் எது என்பதைத் தெளிவாக அறிந்துகொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகும். சூரிய ஒளியில் கண்ணுக்குப் புலப்படாமல் கலந்துவரும் புற ஊதாக் கதிர்களுள், அலைநீளம் 280 முதல் 315 நானோமீட்டர் வரை உள்ளவற்றை அறிவியலார் 'பி' வகை என்று பிரிப்பர். நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கியதில் ஒரு கூறு. இக்கதிர் தோலில் பட்டதும், அங்குள்ள கொழுப்புச் சார்ந்த ஒரு பொருள் உருமாறி, உடற்சூட்டின் துணையோடு டி3 என்னும் வைட்டமின் ஆகிறது. அது பின்னர் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இரு படிகளாகப் பக்குவப்பட்டு, உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ளச் செய்கிறது. கதிரும் சூடும் ஒரே இடத்தில் ஒருசேரக் கிடைக்கும்போதே இவ்வேலை செவ்வனே நடக்கும். சாளரக் கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விட்டாலும் 'பி' வகைக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், "சன்னலோரம் வைத்திருக்கிறோம், நல்ல வெயில் படுகிறது" என்று வளர்ப்பவர் நிம்மதியாக இருக்கும் வீட்டிலேயே பிராணி கதிரின்றி வாடுகிறது. குழல் விளக்கும் காலப்போக்கில் தன் கதிரை இழக்கிறது. வெளிச்சம் மட்டும் மாறாமல் எரிவதால், ஆறு மாதத்துக்கோ ஓர் ஆண்டுக்கோ ஒருமுறை அதை மாற்ற வேண்டும் என்பது பலருக்கும் தோன்றுவதில்லை.

இப்படிக் கதிரின்றி வளர்ந்த பிராணியின் உடலில் நடப்பதை அருகிருந்து காண்பது வருத்தம் தருவது. இரத்தத்தில் கால்சியம் குறைந்ததும், கழுத்துப்பகுதியிலுள்ள ஒரு சிறு சுரப்பி, எலும்பிலிருந்தே அந்தச் சத்தைக் கரைத்தெடுக்கக் கட்டளையிடுகிறது. முதலில் விரல் நுனிகள் இலேசாகத் துடிக்கும். பிறகு, கிளையில் ஏறுவதற்கு முன் பிராணி ஒருகணம் தயங்கும். கீழ்த்தாடையை விரலால் மெல்லத் தொட்டால் ரப்பரைப் போல் வளையும். பின்னந்தொடைகள் உருண்டு திரண்டு காணும்போது, பிராணி நன்றாகத் தேறிவிட்டது என்று வீட்டார் மகிழ்வதுண்டு. உண்மையில் அது, உறுதி இழந்த எலும்பைத் தாங்குவதற்காக உடல் நார்த்திசுவை அடுக்கிக்கொண்டதால் வந்த வீக்கம். இந்நிலைக்கு வந்த பிராணியை நேரே வெளிக்கூண்டில் விட்டால், ஆறடி உயரக் கிளையிலிருந்து விழுந்து அதன் எலும்பு முறியும். ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் ஒருவரிடம் முதலில் காட்டி, கால்சியம் தேறிய பின்பே உயரமான கூண்டைப் பற்றி எண்ண வேண்டும்.

எல்லாப் பல்லியினங்களும் வெளிக்கூண்டுக்கு உரியவை அல்ல. பச்சை இகுவானா, மத்திய, தென் அமெரிக்காவின் ஈரமான வெப்பக்காடுகளில் ஆற்றோர மரங்களில் வாழும் தாவர உண்ணி. இரவில் 23 பாகைக்கும் பகலில் 33 பாகைக்கும் இடையே ஊசலாடும் சிலாங்கூர்க் கடலோர வெப்பமும் காற்றின் மிகுந்த ஈரப்பதமும் அதன் தாய்நாட்டுச் சூழலை ஒத்திருப்பதால், ஆண்டு முழுவதும் வெளியே வைக்கத் தகுந்த பிராணிகளில் அதுவே முதலாவது. பியர்டட் டிராகன் எனப்படும் தாடி ஓணானோ, ஆஸ்திரேலியாவின் உலர்ந்த உள்நாட்டுக்கு உரியது. அதற்கு வெயில் வேண்டும், ஈரம் ஆகாது. நாட்கணக்கில் நனைந்த தரையில் கிடந்தால் தோலில் பூஞ்சையும் நெஞ்சில் சளியும் கட்டும். காலை வேளையில் ஒரு மணி நேரம் கையடக்கக் கம்பிக்கூண்டில் வெயில் காட்டி, மீண்டும் உலர்ந்த உட்கூண்டுக்குக் கொண்டு செல்வதே அதற்குத் தகும். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகியவற்றின் வறண்ட நிலத்தைச் சேர்ந்த லெப்பர்ட் கெக்கோ என்ற சிறுத்தைப் பல்லி இரவில் இரை தேடுவது. அதை வெளியே மாற்றுவதால் அதற்கு வரும் நன்மை மிகக் குறைவு, வரும் இடர் மிகுதி. கடையில் வாங்கிய பிராணி எந்த நாட்டு மண்ணுக்கு உரியது என்ற ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும்.

தாடி ஓணானை இரவில் வெளியே விடக்கூடாது என்பதற்குக் கோல சிலாங்கூருக்கே பொருத்தமான இன்னொரு காரணமும் உண்டு. சிலாங்கூர் ஆற்றங்கரையில், கம்போங் குவாந்தானில், பெரெம்பாங் மரங்களில் ஒருசேர மின்னும் மின்மினிகளைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகிறார்கள். அமெரிக்காவில் வீட்டில் வளர்க்கப்பட்ட தாடி ஓணான்கள், அந்நாட்டு மின்மினி வகை ஒன்றைத் தின்ற சில மணி நேரத்துக்குள் மாண்டதை 1999-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் விளக்கினார்கள்; அம்மின்மினிகளின் உடலில், தேரையின் நஞ்சை ஒத்த, இதயத் துடிப்பைக் குலைக்கும் பொருள் இருக்கிறது. அந்தப் பூச்சியோடு சேர்ந்து வாழ்ந்து பழகாத ஆஸ்திரேலியப் பிராணிக்கு அதைத் துப்ப வேண்டும் என்ற உணர்வே இல்லை. பூச்சி தின்னும் எந்தப் பல்லியினத்தின் வெளிக்கூண்டிலும் இரவு விளக்கு எரியவிடக் கூடாது என்பதும், விடியற்காலையில் கூண்டைத் திறக்குமுன் மூலைகளில் ஒதுங்கிய பூச்சிகளைப் பெருக்கிவிட வேண்டும் என்பதும் ஆற்றோரத்து வீடுகளுக்கு மிகவும் வேண்டிய பழக்கங்கள்.

இகுவானாவுக்கு வருவோம். வெளிக்கூண்டுக்குப் போன பல்லியினங்களை எளிதில் கொல்வது வெயிலே. கண்ணாடித் தொட்டியைத் தூக்கி முற்றத்தில் வைத்தால், உள்ளே நுழைந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கி, சில நிமிடங்களிலேயே உயிர்போகும் அளவுக்கு ஏறிவிடும். தொட்டியை எக்காரணம் கொண்டும் வெயிலில் வைக்கக்கூடாது. இகுவானா தன் உடற்சூட்டை ஏறத்தாழ 36 பாகையில் வைத்துக்கொள்ள விரும்புகிறது. அது 40-ஐத் தாண்டி ஏறத் தொடங்கினால் ஆபத்து நெருங்கிவிட்டது என்று பொருள். அதற்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைப்பதும், நிழலுக்கு ஓடுவதும் மட்டுமே அதற்குத் தெரிந்த வழிகள். ஆகையால் வெளிக்கூண்டு கட்டுபவரின் உழைப்பில் பெரும்பகுதி நிழலுக்கே செல்ல வேண்டும். வெயில் தானே வந்துவிடும்.

நிழலைக் கட்டுவதில் இருவேறு நுட்பங்கள் அடங்கியுள்ளன. முதலாவது, கடிகாரம் பற்றியது. தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் 1982-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சபா, சரவாக் நேரத்தோடு ஒத்துப்போவதற்காக அரைமணி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டன. அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் 1.15 மணி அளவில்தான். காலை 8.30 முதல் 10.30 வரை உள்ள வெயில் உண்மையில் இளவெயிலே. பிராணியைப் பழக்குவதற்கு ஏற்ற நேரமும் அதுவே. 12 மணிக்குக் கூண்டைப் பார்த்து "நிழல் போதும்" என்று முடிவு செய்பவர், கொடும் வெயில் இனிமேல்தான் வரவிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார். இரண்டாவது, திசை பற்றியது. நிலநடுக்கோட்டுக்கு இத்தனை அருகில் இருப்பதால், மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்தும், மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்தும் நிற்கிறது. சுவரின் வடபுறத்தில் சனவரியில் கிடந்த குளிர்ந்த நிழல் சூன் மாதத்தில் காணாமல் போகும். எனவே ஒரு சுவரை மட்டும் நம்பாமல், கூண்டுக்கே சொந்தமான கூரை ஒன்று, அதன் மேற்பரப்பில் பாதியை எப்போதும் மூடும்படி அமைய வேண்டும். தகரக் கூரை வேண்டாம். லயத்து வீட்டுத் தகரத்தின் கீழே மதியம் உறங்கியவர்கள் அனைவருக்கும் அதன் சூடு தெரியும். ஆற்றுமுகத்தில் வளரும் நிப்பா பனையோலையால் முடைந்த அத்தாப்பு, தடிமனாக வேயப்பட்டால், சூட்டைத் தன்னிலேயே நிறுத்திக்கொண்டு அடியில் குளிர்ச்சியைத் தருகிறது. கொரோனா காலத்தில் வீடுகளில் வாங்கி வைத்த, நெற்றிக்கு நேரே காட்டும் வெப்பமானி இதற்குப் போதாது. பொருளின் மேற்பரப்பை அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றால் கிளை, தரை, கூரையடி மூன்றையும் பிற்பகல் 2 மணிக்கு அளந்து, நிழலில் 32 பாகைக்கு மேற்படாத ஓர் இடமாவது இருப்பதை உறுதி செய்தல் நன்று.

ஒரு காலைப்பொழுதில் இகுவானா வெயில் காய்வதைக் கவனித்தால், அதன் உடலே இக்கணக்கைப் போடுவது புரியும். விடிந்ததும் கருமை கலந்த பசுமையோடு கிளையில் விறைத்துக் கிடக்கும் அது, முதல் கதிர் பட்டதும் விலாவை அகட்டி உடலைத் தட்டையாக்கி, வெயிலை நேராக ஏற்கும்படி பக்கவாட்டில் சாய்ந்துகொள்கிறது. சற்று நேரத்தில் நிறம் வெளுத்து, இமைகள் பாதி மூடி, வால் தளர்கிறது. அதன் உச்சந்தலையில், இரு கண்களுக்கும் பின்னே, வெளிறிய ஒரு சிறு செதில் தெரியும். அது மூன்றாவது கண். உருவங்களை அறியாது, வெளிச்சமும் இருளும் மாறுவதை மட்டும் உணரும். கோல சிலாங்கூர் வானில் வட்டமிடும் செம்பருந்தின் நிழல் கூண்டின்மீது நகர்ந்தால், கீழே பார்த்துக்கொண்டிருக்கும் இகுவானா அந்த ஒரு செதிலால் அதை உணர்ந்து பதுங்குகிறது. கூண்டைத் தரையில் வைத்து மேலிருந்து குனிந்து தீனி போடும் மனிதரும் அதற்குப் பருந்தாகவே தோன்றுவார். கூண்டின் அடித்தளத்தை இடுப்பளவுக்கு உயர்த்தினால், பிராணி மனிதரின் கண்ணுக்கு நேராகவோ அதற்கு மேலாகவோ அமரும், அச்சம் குறையும், ஆட்டுக்கொட்டகையின் பழைய அமைப்பு இங்கும் கைகொடுக்கிறது.

இடமாற்றத்தை ஒரே நாளில் முடித்துவிடக் கூடாது. பிறந்ததிலிருந்து விளக்கின்கீழ் வளர்ந்த இகுவானாவுக்கு வெளியுலகின் ஒளியே அதிர்ச்சி. அடக்கமாக இருந்த பிராணி, திறந்த வெளிக்கு வந்ததும் வாலைச் சுழற்றி அடிப்பதும், வளர்ப்பவரைக் கண்டு ஓடுவதும் வழக்கம். முதல் வாரம் இளவெயிலில் அரைமணி நேரம், பின்னர் படிப்படியாக முற்பகல் முழுவதும், மூன்றாம் வாரத்திலோ நான்காம் வாரத்திலோ பகல் முழுவதும், அதன்பின் இரவையும் சேர்த்து என்று நீட்டிச் செல்வது தக்கது. ஒவ்வொரு கட்டத்திலும் அது உண்கிறதா, எச்சம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்த பின்பே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். இரண்டு நாள் தீனியைத் தொடவில்லை என்றால் ஒரு படி பின்வாங்குவதில் இழுக்கில்லை. தீனியும் இம்மண்ணிலேயே கிடைக்கிறது. முருங்கைக்கீரை கால்சியம் மிகுந்தது. செம்பருத்தியின் இலையையும் பூவையும் இகுவானா விரும்பி உண்ணும். பப்பாளிப் பழம் அளவாகத் தரலாம். பசலைக்கீரையில் உள்ள ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்வதால் அதை நாள்தோறும் தருவது நல்லதல்ல. பச்சை மரவள்ளி இலையிலும், கோயில் வளாகங்களில் பூவுக்காக வளர்க்கும் அரளியிலும் நஞ்சுண்டு.

கூண்டின் அளவைப் பொறுத்தவரை, வளர்ந்த இகுவானா வாலோடு சேர்த்து ஐந்தடிக்கும் மேல் நீளும் என்பதால், ஆறடி உயரம், ஆறடி நீளம், மூன்றடி அகலம் என்பதைக் குறைந்தபட்சமாகக் கொள்ளலாம். அரை அங்குலக் கண்ணுள்ள, சந்திகளில் பற்றவைத்த கம்பிவலையே ஏற்றது. கோழிக்கூண்டுக்குப் பயன்படும் அறுகோண வலை நகத்தை மாட்டி விரலைப் பிய்த்துவிடும், பாம்பையும் தடுக்காது. செம்பனைத் தோட்டம் எலிகளின் உலகம்; எலி இருக்கும் இடத்துக்குக் கருநாகமும் மலைப்பாம்பும் வரும். எலிகளை அடக்குவதற்காகத் தோட்டங்களில் பெட்டி கட்டிக் கூகை வளர்க்கும் முறை பல பத்தாண்டுகளாக இங்குண்டு. அதே கூகை, வலையை ஒட்டி உறங்கும் பல்லியின் காலையோ வாலையோ வெளியிலிருந்து பற்றி இழுக்கக்கூடும். உறங்கும் கிளையை வலையிலிருந்து ஓரடி உள்தள்ளி வைத்தால் இது நேராது. உண்டு மீந்த தீனியை மாலையில் அகற்றிவிட்டால் எலி வராது. இரவில் குளிர்ந்து அசைவற்றுக் கிடக்கும் பல்லியை எலி உயிரோடு கொறிக்கும் என்பதால் இதில் ஒருநாள் கூடச் சோர்வு கூடாது. புக்கிட் மலாவத்தி குன்றில் மனிதரோடு பழகிய நெடுவால் குரங்குகள் கொக்கியைத் திறக்கத் தெரிந்தவை. பூட்டே போட வேண்டும்.

எறும்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாமரத்திலும் ரம்புத்தான் மரத்திலும் இலையைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு, மலாய்மொழியில் கெரெங்கா எனப்படுவது, ஒரு கிளை கூண்டைத் தொட்டாலே வரிசையாக உள்ளே இறங்கிவிடும். முட்டையிட்டுக் களைத்த பெண் இகுவானாவும் நோயுற்ற பிராணியும் அதற்கு எதிர்நிற்க இயலாதவை. சமையலறை அலமாரியின் கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்தி எறும்பைத் தடுத்த பழைய வழக்கத்தை இங்கும் பின்பற்றலாம்; ஆனால் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுக்கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும், வளாகத்தில் கொசுப்புழு கண்டால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு. கிண்ணத்தில் நீருக்குப் பதிலாகச் சமையல் எண்ணெய் ஊற்றுவதும், கால்களில் மசகுப்பசை பூசுவதும் இரு தொல்லைகளையும் தீர்க்கும். பிராணி குடிக்கும் தொட்டி நீரை நாள்தோறும் கொட்டி நிரப்ப வேண்டும்.

கொசுவை ஒழிக்க அடிக்கும் புகையும் பிராணிக்கு எதிரி. டெங்கி மிகுதியாகக் காணும் சிலாங்கூர் மாநிலத்தில் குடியிருப்புகளில் புகையடிப்பு அடிக்கடி நடக்கிறது. அதில் பயன்படும் பூச்சிக்கொல்லிகள் பல்லியினங்களுக்கும் நச்சாகக்கூடியவை. புகையடிக்கும் இயந்திரத்தின் இரைச்சல் தெருமுனையில் கேட்டதும் கூண்டுக்குத் துணி போர்த்துவது பயன்தராது. பிராணியை வீட்டுக்குள் கொண்டுசென்று, மறுநாள் கூண்டையும் கிளையையும் நீரால் கழுவிய பின்பே திரும்ப விட வேண்டும். தோட்டத்து ஓரமாக வாழ்பவர்களுக்கு மருந்தடிப்பு இன்னொரு கவலை. முதுகில் தொட்டியைச் சுமந்து களைக்கொல்லி அடிக்கும் வேலையைத் தோட்டங்களில் நெடுங்காலமாகத் தமிழ்ப் பெண்கள் செய்துவந்தார்கள். அவர்களுடைய நகங்களும் தோலும் அனுபவித்த துன்பத்தை இவ்வட்டாரத்துக் குடும்பங்கள் அறியும். அக்களைக்கொல்லிகளில் மிகக் கொடிய பாராகுவாட் 2020 சனவரி 1 முதல் மலேசியாவில் தடைசெய்யப்பட்டது; மற்றவை தொடர்ந்து பயன்பாட்டில் இருக்கின்றன. ஆகவே தோட்டத்து வரப்பிலும் நெல்வயல் ஓரத்திலும் பறித்த இலையை, எவ்வளவு பசுமையாக இருந்தாலும், பிராணிக்குத் தரக்கூடாது. வீட்டு முருங்கையே போதும்.

மழையைப் பிராணி பெரும்பாலும் விரும்பும்; ஒதுங்கி உலர்வதற்குக் கூரைக்கடியில் ஒரு பலகைத்தட்டு இருந்தால் போதுமானது. கவலைப்பட வேண்டியது காற்று. மலாக்கா நீரிணையைக் கடந்து பின்னிரவில் கரையேறும் புயற்காற்றை இங்குள்ளோர் 'சுமத்ரா' என்றே அழைப்பர். ஏறத்தாழ ஏப்ரலிலிருந்து நவம்பர் வரையான மாதங்களில் விடியுமுன் வந்து மரக்கிளைகளை முறித்துச் செல்லும் அக்காற்று, கட்டிவைக்காத கூண்டைப் புரட்டிவிடும். கூண்டின் கால்களைச் சிமிட்டியில் புதைப்பதோ இரும்பு முளைகளோடு கட்டுவதோ தேவை. புகைமூட்டக் காலமும் உண்டு. இராசா மூசா காப்புக்காட்டின் கரிமண் நிலம், அதாவது முழுமையாக மக்காத தாவரங்கள் படிந்து உருவான நிலம், வறட்சியில் பற்றிக்கொண்டால் நாட்கணக்கில் நிலத்தடியில் கனலும். அந்நாட்களில் மனிதருக்கு ஆகாத காற்று பல்லிக்கும் ஆகாது.

தப்பியோடுவதைப் பற்றிய கவலை, வளர்ப்பவரின் இழப்போடு முடிவதில்லை. 1995-ஆம் ஆண்டில் கரீபியக் கடலில் வீசிய புயல்களுக்குப் பின், மிதந்துவந்த மரங்களின்மேல் ஏறிக் குறைந்தது 15 பச்சை இகுவானாக்கள் அதுவரை அவ்வினம் வாழாத அங்குயிலா தீவில் கரையேறின; உயிரியலார் அதைக் கண்ணால் கண்டவர்களிடம் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு பெண் இகுவானா ஒரு தடவைக்கு 20 முதல் 70 முட்டைகள் வரை இடும். அமெரிக்காவின் புளோரிடாவில் வளர்ப்புப் பிராணிகளாக வந்து தப்பியவை கால்வாய்க் கரைகளைத் தோண்டிச் சரித்ததால், அம்மாநிலம் 2021-இல் அவற்றைத் தடைசெய்யப்பட்ட உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. சிங்கப்பூரிலும், வளர்க்க அனுமதி இல்லாத நிலையிலும், இகுவானாக்கள் காட்டில் இனம் பெருக்கிவிட்டன. அதே சிங்கப்பூரில், 1980-களில் வடக்கேயிருந்து வந்து சேர்ந்த ஓணான், உள்ளூர்ப் பச்சை ஓணானைத் தோட்டங்களிலிருந்து காட்டின் உட்பகுதிக்கு ஒதுக்கிவிட்டது. கோல சிலாங்கூரின் அலையாத்திக் காடும் ஆற்றங்கரையும் இகுவானாவுக்குத் தாய்நாட்டைப் போன்றவை. இந்த ஊரின் ஒரு கூண்டுக்கதவு திறந்துகிடப்பது, குளிர்நாட்டில் ஒரு கதவு திறந்துகிடப்பதைவிட மிகப் பெரிய பொறுப்பின்மை. கூண்டுக்கு இரட்டைக் கதவு வைத்து, ஒன்றை அடைத்த பின்பே மற்றொன்றைத் திறக்கும்படி அமைப்பதும், தரைக்கும் வலை அடிப்பதும் இதனால்தான் கட்டாயமாகின்றன. வளர்க்க இயலாமற்போனவர் பிராணியை ஆற்றோரம் விட்டுவிடுவது இரக்கம் ஆகாது.

சட்டத்தின் பார்வையும் இங்கு முக்கியம். தோட்டத்து வாய்க்காலில் நீந்தும் நீர் உடும்பு, மலாய்மொழியில் பியாவாக், 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட உயிர். உரிமம் இல்லாமல் அதன் குட்டியைப் பிடித்துவந்து கூண்டில் வளர்ப்பது குற்றம். இகுவானா, அழியும் அபாயமுள்ள உயிர்களின் பன்னாட்டு வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் இருப்பது. வாங்கும்போதே அதன் மூல ஆவணத்தைக் கேட்டுப்பெற்று, பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையிடம் உரிம விதிகளைக் கேட்டறிய வேண்டும். தோக்கே எனும் பெரும்பல்லி, எய்ட்சு நோயைக் குணப்படுத்தும் என்ற பொய்ச்செய்தியால் ஒருகாலத்தில் மலேசியச் சிற்றூர்களில் பெருவிலைக்கு வேட்டையாடப்பட்டது. அவ்வாறு குணப்படுத்தும் என்பதற்குச் சான்றே இல்லை என்று 2011-இல் பிலிப்பீன்சு சுகாதாரத் துறை எச்சரித்தது, 2019-இல் அந்தப் பல்லியும் சைட்டிஸ் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பல்லியினங்களின் குடலில் சால்மொனெல்லா என்ற நுண்ணுயிர் அவற்றுக்கு நோய் தராமலே தங்கியிருக்கும் என்பதால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் கூண்டைத் தொடாமல் பார்த்துக்கொள்வதும், கூண்டுத் தட்டுகளைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதிருப்பதும் வீட்டாரின் கடமை.

வெளிக்கூண்டு நிலைபெற்றதும் பழைய உட்கூண்டை விற்றுவிடும் வழக்கம் பலரிடம் உண்டு. அது தவறு. புகைமூட்டம் சூழும் வாரத்திலும், தெருவில் புகையடிக்கும் மாலையிலும், வீட்டுப் பின்புறத்து வயலில் மருந்து தெளிக்கும் காலையிலும், முட்டை சுமந்த பெண் இகுவானா மணலைத் தோண்ட இடம் தேடி அலையும் நாட்களிலும், காயம்பட்ட பிராணிக்கு மருத்துவர் ஓய்வு சொல்லும்போதும், அந்தத் தொட்டியே தேவைப்படுகிறது. கூடத்து மூலையில் அது உலர்ந்து தூய்மையாக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை விளக்குகளை ஏற்றி, வெப்பமும் கதிரும் குறையாதிருக்கின்றனவா என்று பார்த்து, தேதியைத் தொட்டியின் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.